மக்குப் பரீட்சையும் டார்லாவின் சிரிப்பும்

கார்லின் க்ரீக் ஊரில் ஒவ்வோர் அக்டோபர் மாதமும் பதினாறு பெண்கள் பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் வரிசையாக உட்கார்ந்து, தங்களால் முடிந்த அளவுக்கு முட்டாளாக இருக்கப் பாடுபடுவார்கள்.

அது தலைக்கான பரீட்சை. ஐஸ் ஹாக்கி லீக்கில் ஆடுகிற எல்லாரும் ஆட்டக்காலம் தொடங்குவதற்கு முன் அதை எழுதியாக வேண்டும். திரையில் பன்னிரண்டு சொற்கள் வந்து போகும். எது வந்தது, எது வரவில்லை என்று பிறகு கேட்கும். வட்டமும் கட்டமும் வந்து போகும். சிவப்புக்கு இடது பொத்தான், நீலத்துக்கு வலது பொத்தான், விரல் எவ்வளவு வேகம் என்று அளக்கும். அடிபடாத தலையின் மதிப்பெண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் ஆட்டத்தில் அடிபடும்போது மறுபடி எழுதச் சொல்லி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள். இதை யோசித்தவர் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார். ஆனால் மேக்பைஸ் அணியை அவர் பார்த்ததில்லை.

மேக்பைஸ் என்பது முப்பது வயதைத் தாண்டிய பெண்களின் அணி. கோதுமை பயிரிடுகிறவர்கள் நான்கு பேர், தபால் நிலையத்தில் ஒருத்தி, பல் டாக்டரிடம் வேலை செய்கிறவள் ஒருத்தி, இப்படி. முதலிலேயே மோசமாக எழுதி வைத்துவிட்டால் பிறகு எவ்வளவு அடிபட்டாலும் மதிப்பெண் அதற்குக் கீழே போகாது என்பதை அவர்கள் எட்டு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்ததோடு விடவில்லை. அதைப் போட்டியாக்கி, 'மக்குப் பரீட்சை' என்று பெயரும் வைத்தார்கள். கடைசி இடம் பிடிப்பவளுக்கு, கோல் காக்கும் பெர்னி லஷான்ஸ் தன் கையால் போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாய் நான்கு லிட்டர் ஜாடியில் பரிசாகக் கிடைக்கும்.

எட்டு ஜாடிகளில் ஐந்து டார்லா கோஸ்டியுக் வீட்டுக்குத்தான் போயின.

டார்லாவைத் தெரிந்தவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி. நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருடமாகப் பதினான்காம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். ஜன்னல் வழியாகக் கை நீட்டக் கூடாது, சூயிங்கம் கூடாது, காலை எட்டு மணிக்கு முன் பாட்டு கூடாது. இருபத்திரண்டு பிள்ளைகளும் அவளை 'மிஸஸ் கே' என்றுதான் கூப்பிடுவார்கள், அதையும் மெதுவாகத்தான் கூப்பிடுவார்கள். சிரிக்கவே மாட்டாள். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர்கூட அவள் முகத்தைப் பார்த்தால் இரண்டடி தள்ளி நிற்கும் என்று அவள் கணவன் வெண்டலே சொல்வான். தானியக் கிடங்கில் வேலை செய்யும் அவன் வாயிலிருந்து வருடத்துக்கு நாலைந்து நீளமான வாக்கியங்கள் வரும். அதில் இது ஒன்று.

அப்படிப்பட்டவள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற்றினாள். ஏமாற்றுவதிலும் ஒழுங்கு இருந்தது. போட்டி என்று வந்துவிட்டால் தோற்பது அவளுக்குப் பிடிக்காது. எந்தச் சொல்லை மறந்ததாகக் காட்டலாம், எத்தனை நொடி தாமதமாகப் பொத்தானை அழுத்தினால் சந்தேகம் வராது என்று பரீட்சைக்கு முதல் நாளே உட்கார்ந்து திட்டம் போடுவாள்.

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை. பக்கத்து ஊரான ஹாட்லியோடு ஆட்டம். டார்லா தடுப்பாட்டக்காரி. கோலுக்குப் பின்னால் ரப்பர் வட்டைத் துரத்திக்கொண்டு போனபோது ஹாட்லிக்காரி ஒருத்தியின் சறுக்குக்கத்தி இவளுடையதில் மாட்டிக்கொண்டது. இருவரும் சேர்ந்து பறந்தார்கள். ஹாட்லிக்காரி டார்லாவின் மேல் விழுந்தாள். டார்லாவின் தலை முதலில் பலகைச் சுவரில், பிறகு ஐஸில். ஹெல்மெட் எழுப்பிய சத்தம் கூரையில் இருந்த புறாக்களை எழுப்பிவிட்டது.

பெர்னி கோலை விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். சனி என்று டார்லா சரியாகச் சொன்னாள். யார் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். நாம்தான் என்றாள் டார்லா. அப்போது மேக்பைஸ் ஒன்றுக்கு ஐந்து என்று தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் டார்லா எந்த ஆட்டத்திலும் அப்படித்தான் சொல்வாள் என்பதால் பெர்னிக்குத் திருப்தியாகிவிட்டது. எழுப்பி நிறுத்தி, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி ஆட விட்டார்கள். மிச்ச ஆட்டம் முழுவதும் டார்லா ஆடினாள். ஒரு கோலுக்குக்கூட உதவினாள். அது தன் அணியின் கோல்தானா என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

திங்கட்கிழமை விதிப்படி மறுபடி பரீட்சை. அன்றைக்கு அவளுக்கு லேசான தலைவலி, கண்ணுக்குள் ஒரு மினுமினுப்பு. அதில் முட்டாளாக நடிக்க மறந்துபோனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பரீட்சையை நிஜமாக எழுதினாள்.

மதிப்பெண் இரண்டு மடங்காக வந்தது.

லீக்கில் காயங்களைக் கவனிக்கும் பயிற்சியாளர் காகிதத்தைப் பார்த்தார். அதில் அக்டோபர் எண்ணைவிடப் புது எண் ஏறியிருந்தது. ஏறினால் என்ன செய்வது என்று அவருடைய கையேட்டில் இல்லை. ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்று உடை மாற்றும் அறையில் யாருக்கும் உடை மாற்ற முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இத்தன வருஷமா யாராவது இவ மண்டையில ஒரு போடு போட்டிருக்கலாம்டி. இந்நேரம் மந்திரியாயிருப்பா," என்றாள் பெர்னி.

டார்லா அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள்.

சிரிப்பு டிசம்பரில் வந்தது. வந்த இடம் ஒரு சவ அடக்கம்.

இரும்புக் கடை ஸ்டான் பெலெஷ் தொண்ணூற்றொரு வயதில் போய்ச் சேர்ந்திருந்தார். தேவாலயம் நிறையக் கூட்டம். பாதிரியார் தொண்டையைச் செருமி, ஸ்டான் அமைதியான மனிதர் என்று ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையில் இருந்த டார்லாவுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கிளம்பி மேலே வந்தது. முட்டையிட்ட கோழியைப் போல ஒரு கொக்கரிப்பு. அவள் கழுத்துத் துணியை எடுத்து வாயில் திணித்தாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. குனிந்தாள். தோள்கள் குலுங்கியதில் பெஞ்சு முழுவதும் ஆட, அதில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் சேர்ந்து ஆடினார்கள். அதில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு இன்னொருத்தி. பாதிரியார் அடுத்த வரியைச் சொல்வதற்குள் தேவாலயத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அழுகையால் அல்ல. எல்லாம் முடிந்ததும் ஸ்டானின் மனைவி நேராக டார்லாவிடம் வந்தாள். வெண்டலுக்குப் பயத்தில் உயிரே போய்விட்டது. ஆனால் கிழவி டார்லாவைக் கட்டிக்கொண்டு, தன் கல்யாணத்திலும் யாரோ இப்படித்தான் சிரித்தார்கள் என்றும், ஸ்டானுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கும் என்றும் சொன்னாள்.

அதோடு ஊர் டார்லாவைத் தத்தெடுத்துக்கொண்டது. வங்கியில் வரிசையில் நிற்கும்போது சிரித்தாள். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சிரித்தாள். வானொலியில் பன்றி விலை நிலவரம் வாசித்தபோது பேருந்தை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். காலை எட்டுக்கு முன் பாட்டு, எட்டுக்குப் பின் இன்னும் சத்தமாகப் பாட்டு. பதினான்காம் எண் பேருந்து வருவது இப்போது பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்தது. கடவுள் டார்லாவுக்குச் சேர வேண்டிய சிரிப்பை நாற்பத்து நாலு வருட வட்டியோடு மொத்தமாக அனுப்பிவிட்டார் என்று தபால் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். முன்பு அவளைக் கண்டால் தெருவைக் கடந்து போனவர்கள், இப்போது அவளைப் பார்ப்பதற்காகத் தெருவைக் கடந்து வந்தார்கள்.

வெண்டலுக்கு மட்டும் மிச்சப் பாதி தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்டியை அவன் தட்டுக்கு இடது பக்கம் வைத்துவிட்டான் என்று, பீட்ரூட் சூப் இருந்த பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். சுவர் முழுவதும் சிவப்பு. அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு போய்த் தண்ணீர் இல்லாத குளியல் தொட்டியில் உடையோடு உட்கார்ந்துகொண்டாள். சில காலைகளில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு அரை மணி நேரம் ஆனது. அடிக்கடி எங்கோ முடி தீய்கிற வாசனை வருகிறது என்று சொல்லி அடுப்பை, பேருந்தின் இன்ஜினை, அவன் தொப்பியைக்கூட மோந்து பார்த்தாள். அவனுக்கு அப்படி எந்த வாசனையும் வரவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று அவன் மூன்று தடவை சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய சொற்பொழிவு. ஒவ்வொரு தடவையும் அவள் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினாள். முன்னைவிடத் தான் புத்திசாலி என்று அச்சடித்த காகிதமே இருக்கிறதே.

உண்மையில் அவளுக்கும் பயம்தான். சிரிப்பு வரும்போது உள்ளே வேடிக்கை எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. விக்கல் வருவதைப் போலத்தான் அது வந்தது. ஆனால் டாக்டரிடம் போனால் பேருந்து என்ன ஆகும் என்ற கேள்வி வரும். பேருந்து இல்லாத டார்லா எப்படி இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

பிப்ரவரியில் அணிக்காகப் பெரோகி விருந்து. உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை போன்ற அந்தப் பண்டத்தை ஐஸ் மைதானத்தின் மேல் கூடத்தில் ஆயிரக்கணக்கில் வேகவைத்துப் பரிமாறுவார்கள். டார்லா வெங்காயமும் வெண்ணெயும் ஊற்றும் இடத்தில் நின்றாள். பேருந்தில் வரும் ஒரு சிறுமியின் தாய் காலீன் ஃப்ரீசன் தட்டோடு வந்து நின்று, ரொம்ப நன்றி என்றாள்.

"எதுக்கு?" என்றாள் டார்லா.

"அந்தச் சிலை விளையாட்டுக்குத்தான். வீட்லகூட அதேதான். சோறு வெச்சா அப்படியே சிலையா நிக்கறா. நான்தான் ஊட்டி விட வேண்டியிருக்கு."

"எந்தச் சிலை விளையாட்டு?"

காலீன் சிரித்தாள். டார்லா தெரியாதவள் போல நடிப்பதும் விளையாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டாள். "ரயில் பாதைகிட்ட பஸ்ஸ நிறுத்திக் கதவத் திறப்பீங்களே, ரயில் வருதான்னு பாக்க. அப்ப நீங்க சிலையாயிடுவீங்களாமே. கண்ணுகூடச் சிமிட்ட மாட்டீங்களாம். நீங்க அசையற வரைக்கும் பிள்ளைங்களும் அசையக் கூடாதாம். மொதல்ல அசைஞ்சவங்க அவுட்டாம். போன வாரம் நாப்பத்து மூணு வரைக்கும் எண்ணினாளாம் எங்க பொண்ணு. கதவு வேற திறந்து கெடக்கு, அந்தக் குளிர்ல."

டார்லாவின் கையில் இருந்த கரண்டியிலிருந்து வெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொன்னு சொல்லுதுங்க கேளுங்க," என்றாள் காலீன். "வியாழக்கிழம வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே ஆடினீங்களாம், எங்க பண்ண வளைவுகிட்ட. அது ரொம்பக் கஷ்டமாம், வண்டி ஆடுதாம். எப்படிக் கத விடுதுங்க பாருங்க."

டார்லாவுக்கு ரயில் பாதையும் வளைவும் நன்றாகவே நினைவிருந்தது, பத்தொன்பது வருடமாக. ஆனால் வியாழக்கிழமை அந்த வளைவைக் கடந்ததாக எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. பாதைக்கு முன்னால் ஒரு காட்சி இருந்தது, பள்ளிக்கூட வாசலில் ஒரு காட்சி இருந்தது, நடுவில் யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள்.

அப்போது பார்த்துச் சிரிப்பு வந்தது. கரண்டியைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். காலீனும் சிரித்தாள். பக்கத்து மேசையும் சேர்ந்துகொண்டது. கூடமே சிரித்துக்கொண்டிருக்க, டார்லா ஒருத்தி மட்டும் அந்தச் சிரிப்புக்கு உள்ளே குளிர்ந்துபோய் நின்றாள். வெண்டல் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளருகே வந்தான். அவள் மேலங்கிப் பையில் இருந்து பேருந்துச் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே, இதை என்னிடம் கொடுக்காதே என்றாள்.

திங்கட்கிழமைக்கு வேறு ஓட்டுநரை ஏற்பாடு செய்யச் சொல்லிப் பள்ளி அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டாள், இரண்டு நாள் காய்ச்சல் என்று. செவ்வாய்க்கிழமை டாக்டர். போகும் முன் பெர்னி வந்து சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு நடந்தது எல்லாம் தெரியும், வெண்டல் சொல்லியிருந்தான். அவளுக்கு ஒரே ஒரு கவலை. வரும் சனிக்கிழமை ஹாட்லியோடு மாகாணச் சுற்றுக்கான ஆட்டம். பதினோரு வருடத்துக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு.

"தலவலின்னு சொல்லு, மயக்கம்னு சொல்லு, என்ன வேணா சொல்லு. ஊறுகாய மட்டும் சொல்லாதடி," என்றாள். "அதச் சொன்னா பதினாறு பேரு காகிதமும் குப்ப. லீக் நம்மள ஐஸ்லயே ஏத்தாது."

டார்லா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து காகிதத்தைப் பிய்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஒக்கோலி அந்த ஊருக்கு வந்து ஏழு குளிர்காலம் ஆகிறது. நைஜீரியாவில் பிறந்தவள். அறைக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டாள். டார்லா தலையில் அடிபட்டதைச் சொன்னாள், சிரிப்பைச் சொன்னாள், சூப்பைச் சொன்னாள், வாசனையைச் சொன்னாள். சிலை விளையாட்டை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கி, சில நேரம் கவனம் சிதறுகிறது என்று சொன்னாள். டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்தாள், ஒற்றைக் காலில் நிற்க வைத்தாள், பிறகு காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"தலையில அடிபட்டதாலதான்னு நெனச்சேன். ஆனா இதப் பாத்தா உங்க மூளை அக்டோபர்ல இருந்தத விட நல்லா வேல செய்யுது. ஒருவேள வேற ஏதாவது மனக்கஷ்டமா இருக்கலாம். குளிர்காலத்துல நெறையப் பேருக்கு வரும். தூங்கறதுக்கு ஒரு மாத்திர தர்றேன், ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

அவ்வளவுதான். கதவு திறந்தே இருந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு போனால் நாளைக்கே வெண்டலிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை ஆட்டமும் நடக்கும். டார்லா எழுந்து மேலங்கியின் பொத்தான்களைப் போட்டாள். கதவுவரை போனாள். வளைவும் இருபத்திரண்டு பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் கண் முன்னால் வந்தது. அவர்கள் விளையாட்டில் ஜெயிப்பதற்காக மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"டாக்டர்," என்றாள் திரும்பி. "உங்களுக்கு ஊறுகாய் பிடிக்குமா?"

எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு வருடம், பதினாறு பேர், ஐந்து ஜாடி, முதல் நாள் போடும் திட்டம். நாற்பத்து மூன்று நொடியையும் இந்தத் தடவை முழுசாகச் சொன்னாள். பாதியில் டாக்டருக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். டார்லாவும் சிரித்தாள், ஆனால் நிறுத்த முடியவில்லை. டாக்டர் தன் சிரிப்பை முடித்துக்கொண்டு அவளையே கவனித்தாள். இப்போது உள்ளே வேடிக்கையாக இருக்கிறதா என்று கேட்டாள். டார்லா தலையை இல்லை என்று ஆட்டியபடியே சிரித்தாள். டாக்டர் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அப்ப இந்தக் காகிதம் உங்க மூளை ஏறினதக் காட்டல," என்றாள். "நல்ல தலையில எவ்வளவு எடுத்திருப்பீங்கன்னு யாருக்கும் தெரியாது. அதுலேர்ந்து எவ்வளவு இறங்கிச்சுன்னும் தெரியாது."

"ஹெல்மெட் போட்டிருந்தேனே டாக்டர்."

"ஹெல்மெட் மண்டையோட்டத்தான் காப்பாத்தும். நீங்க பஸ்ல திடீர்னு பிரேக் போட்டா பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. உள்ள நின்னுட்டிருக்கற பிள்ளைங்கதான் முன்னால போய் முட்டிக்குவாங்க. மூளையும் அந்த மாதிரிதான், உள்ள நின்னுட்டிருக்கு."

அது டார்லாவுக்கு உடனே புரிந்தது. அடுத்து அவள் கேட்டதுதான் மூன்று மாதமாக அவள் யாரிடமும் கேட்காதது. "தலையில அடிபட்டா மனசும் மாறிடுமா?"

"மனசு வேற எங்க குடியிருக்குன்னு நெனச்சீங்க?" என்றாள் டாக்டர்.

அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடுவார்கள் என்று சொன்னாள். ஆனால் சிலருக்குச் சோர்வு, பயம், காரணமில்லாத கோபம், அழுகை எல்லாம் வந்து தங்கிவிடும். பலவீனமோ நடிப்போ அல்ல, காயத்தின் வேலை. சிலருக்குச் சிரிப்பையும் அழுகையையும் பிடித்து வைக்கிற பிரேக் போய்விடும். வெகு சிலருக்கு வலிப்பு வரும், கீழே விழுந்து கைகால் இழுத்துக்கொள்ளும் வலிப்பு மட்டுமல்ல, அரை நிமிடம் சிலையாக நிற்பதும் வலிப்பாக இருக்கலாம், இல்லாத தீய்ந்த வாசனைகூட அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அடிபட்ட அன்றே ஓய்வெடுக்காமல் அவள் ஆடி முடித்தது நல்லதல்ல என்றும் சொன்னாள். மறுநாளே சாஸ்கடூன் நகரத்துக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுக்க வைத்தாள், கம்பிகள் ஒட்டி மூளையின் அலைகளையும் பதிவு செய்ய வைத்தாள். இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே சின்னத் தழும்பு ஒன்று தெரிந்தது. அலைகளும் அந்த இடத்தில்தான் துள்ளின. வலிப்புக்கு ஒரு மாத்திரை, சிரிப்புக்கும் சோர்வுக்கும் ஒரு மாத்திரை. கார் ஓட்ட மாதக்கணக்கில் தடை. பள்ளிப் பேருந்து ஐந்து வருடமாவது கிடையாது, பிறகும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அதைக் கேட்டபோது டார்லா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் ஒருத்தியைப் போல வெறுமனே தலையை ஆட்டினாள். மறுநாள் பள்ளி அலுவலகத்துக்குப் போய்த் தானே எழுதிக் கொடுத்தாள், காய்ச்சல் என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்து.

உடை மாற்றும் அறையில் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பதினைந்து பேரும் பாதி உடையில் நின்று கேட்டார்கள். பெர்னி தன் கனமான கால்காப்பு ஒன்றைக் கழற்றிச் சுவரில் எறிந்தாள்.

"பதினோரு வருஷம்டி," என்றாள். "ஒரு சனிக்கிழம பொறுத்திருக்கக் கூடாதா?"

"நான் ஒரு வியாழக்கிழம பொறுத்துட்டேன் பெர்னி," என்றாள் டார்லா. "இருபத்திரண்டு பிள்ளைங்க வண்டியில."

லீக் திட்டித் தீர்த்துவிட்டு ஒரு வழியும் சொன்னது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லாரும் கண்காணிப்பாளர் முன்னால் மறுபடி எழுத வேண்டும். எழுதினால் ஆட்டம் உண்டு. ஆக, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அதே கணினி அறையில் மேக்பைஸ் வரலாற்றில் முதல் தடவையாக எல்லாரும் புத்திசாலியாக இருக்கப் பாடுபட்டார்கள். ஆட முடியாத டார்லா பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். தபால் நிலையத்துக்காரி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதினாள். முடித்தவர்கள் காகிதத்தைத் தூக்கிக்காட்டி, தாங்கள் இவ்வளவு அறிவாளி என்று இத்தனை நாள் தெரியாமல் போனதே என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தார்கள். இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு. கோதுமைக்காரிகளில் ஒருத்தி தன் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாமியாருக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். அறை முழுவதும் ஒரே ரகளை.

பெர்னி தன் காகிதத்தைக் காட்டவில்லை. தபால் நிலையத்துக்காரி எட்டிப் பார்த்தாள். அக்டோபரில் பெர்னி எடுத்ததைவிட நான்கு புள்ளிதான் கூட.

"நடிச்சது போதும்டி, ஒழுங்கா எழுது," என்று அவள் தோளில் தட்டினாள்.

"நான் நடிக்கல," என்றாள் பெர்னி.

பதினெட்டு வருடமாகக் கோலில் நிற்கிறவள். முகமூடியில் வட்டு வந்து மோதினால் நட்சத்திரம் தெரிகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவள். சாவியை எங்கே வைத்தேன், அடுப்பை அணைத்தேனா என்று அவள் தேடுவதெல்லாம் ஊருக்கே பழகிப்போன நகைச்சுவை. ரகளை மெல்ல அடங்கியது. ஒவ்வொருத்தியாக மேலங்கியை மாட்டிக்கொண்டு, பெர்னியின் முதுகைத் தொட்டுவிட்டு வெளியே போனார்கள். டார்லா மட்டும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு வார்த்தைல எனக்கு ரெண்டுதான்டி ஞாபகம் வந்துச்சு," என்றாள் பெர்னி. "நெசமா யோசிச்சேன். எவ்வளவு யோசிச்சேன் தெரியுமா?"

"பாத்தேன். பின்னாலருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பயமா இருக்கு டார்லா."

"இருக்கும். எனக்கும் இருந்துச்சு. ஒரு பரீட்சைய வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லுவா. திங்கட்கிழம போலாம், நான் கூட வர்றேன்."

"எதுல வருவ? உன் லைசென்ஸத்தான் பிடுங்கிட்டாங்களே."

"அப்ப நீ ஓட்டு."

பெர்னி கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு டார்லாவைப் பார்த்தாள். "இந்த மார்க்க வெச்சுக்கிட்டா?" என்றாள்.

பிறகு டார்லாவின் அடிவயிற்றில் ஏதோ அசைந்தது. மெதுவாக ஏறியது. வழியில் நின்று, நிஜமாகவே இது வேடிக்கைதானா என்று யோசித்துவிட்டு மறுபடி ஏறியது. அவள் சிரித்தாள். பெர்னி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கண்காணிப்பாளர் கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்து இவர்கள் வரிசையில் தயங்கி நின்றார்.

"இது எந்தச் சிரிப்புடி?" என்றாள் பெர்னி மூச்சு வாங்கியபடி. "மண்டையா, நீயா?"

டார்லா யோசித்துப் பார்த்தாள். "தெரியல. ஆனா நீ சொன்னதுக்கு அப்புறம்தான் வந்துச்சு," என்றாள். பிறகு வெண்டலைத் தொலைபேசியில் கூப்பிட்டு, திங்கட்கிழமை அவனுக்கு வேறு வேலை எதுவும் இல்லையே என்று கேட்டாள். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றும், வழி முழுக்கச் சத்தமாக இருக்கும் என்றும் சொன்னாள். வரேன் என்றான் வெண்டல்.